நூறு ரூபாய்க்கு இன்ஷூர் செய்த தண்டை

தபால் இலாகாவிடமிருந்து நூறு ரூபாய் நஷ்ட ஈடு வாங்காமல் இனிக் காப்பி குடிப்பதில்லை என்று சபதம் செய்தேன். மனசுக்குள்தான். வாய்விட்டு எதையும் செய்கிற வழக்கம் எனக்கில்லை. அதையெல்லாம் என் மனைவி மார்த்தாள் பார்த்துக்கொள்கிறாள். அன்றைக்கு அவள் காப்பியும் போடவில்லை. ஆகையால் சபதத்தைக் காப்பாற்றுவதில் சிரமம் இருக்கவில்லை.

விஷயம் இது. நான் ஜவ்வாது மலையில் கடுக்காய் வாங்கி, தோல் பதனிட வாணியம்பாடி லத்தீப் சாகிபுக்கு அனுப்புகிறவன். மலைக்குக் கீழே கண்ணமங்கலத்தில் என் தங்கை ஜோசபின் இருக்கிறாள். அவள் மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். தாய்மாமன் சீர் என்னவென்று மார்த்தாள் முடிவு செய்துவிட்டாள்: ஒரு பித்தளைக் குடம். அதிலும் சின்னது.

என் தாயாரின் வெள்ளித் தண்டை ஒரு ஜோடி, மரப்பெட்டியின் அடியில் கிடந்தது. அது அந்தப் பெண்ணின் காலில் ஏற வேண்டும் என்பது என் ஆசை. மார்த்தாளிடம் கேட்டிருக்கலாம். ஆனால் ஒரு ஈஸ்டர் விருந்தில் மார்த்தாள் வைத்த ஆட்டுக்கறிக்கு உப்புப் போதாது என்று ஜோசபின் சொன்னதிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. நான் தூது போனால், குறையாக இருந்த உப்பு முழுவதும் என் தலையில் கொட்டப்படும்.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். தண்டையை ரகசியமாகத் தபாலில் அனுப்பிவிடுவது. புடவைக்குக் கீழே கால் தெரியாது. காலில் இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது?

பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்து, தண்டையை வைத்து, துணி போட்டுத் தைத்தேன். இன்ஷூர் பார்சலுக்கு அரக்கு முத்திரை வேண்டும். கடுக்காய் மூட்டைக்கு வைக்கிற முத்திரை ஆணியில் தொங்கியது. அதையே வைத்தேன்.

"இன்னாங்க அது?" என்றாள் மார்த்தாள்.

"கடுக்காய் சாம்பிள். சாகிபுக்கு."

"சாம்பிள் எப்பவும் துணிப்பையிலதான போவும்? டப்பா இன்னாத்துக்கு?"

"இது உசத்திக் கடுக்காய்."

"ஓ!" என்று உள்ளே போய்விட்டாள். இவ்வளவு சுலபமாக அவள் 'ஓ' சொன்னதில்லை. நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன்.

குளித்துவிட்டு வந்து, புறப்படுமுன் தராசில் மறுபடி நிறுத்துப் பார்த்தேன். எதையும் இரண்டு தரம் நிறுப்பது என் வழக்கம். எடை குன்றிமணி பிசகவில்லை. தபால் ஆபீசில் போஸ்ட்மாஸ்டர் கோபால்சாமியின் காதோடு, "வெள்ளித் தண்டை. நூறு ரூபாய்க்கு இன்ஷூர். வீட்டுக்குத் தெரிய வேண்டாம்" என்றேன்.

"எந்த வூட்டுக்குத்தான் தெரியணும்?" என்றார் அவர். கல்யாணமானவர்.

பார்சல் போனது. போனது போனதுதான். கண்ணமங்கலம் சேரவில்லை. மழையில் தபால் பை ஒன்று எங்கேயோ திசை மாறிப் போயிற்றாம். கல்யாணமோ நெருங்கிக்கொண்டிருந்தது. "உசத்தியா ஒண்ணு வருது" என்று ஜோசபினுக்கு வேறு சொல்லியனுப்பிவிட்டேன். இலாகா நூறு ரூபாய் கொடுத்தால் வேறு ஜோடி வாங்கலாம். கொடுக்காவிட்டால் பந்தலில் சின்னக் குடத்தோடு பெரிய மனிதனாக நிற்க வேண்டும். அப்போதுதான் அந்தச் சபதம்.

மனுப் போட்டேன். விசாரணைக்குத் தபால் இன்ஸ்பெக்டர் மலையேறி வருவார், ஆபீசில் வைத்து விஷயத்தை முடித்துவிடலாம் என்று கோபால்சாமி சொல்லியிருந்தார். இன்ஸ்பெக்டர் ஆதிநாராயணன் நேராக என் வீட்டுக்கு வந்தார். மார்த்தாள் பாய் விரித்து, மோர் கொடுத்து, என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"காணாமப் போன பார்சல்ல இன்னா இருந்தது?" என்றார் அவர்.

நான் கூரையைப் பார்த்தேன்.

"கடுக்காய் சார்" என்றாள் மார்த்தாள்.

"கடுக்காயா? நூறு ரூபாய்க்கா?"

"உசத்திக் கடுக்காய் சார். அவரே சொன்னாரு. எங்க வூட்டுக்காரரு பொய்யே சொல்ல மாட்டாரு. இன்னாங்க, சொல்லுங்க!"

கடுக்காய் என்றால் நஷ்ட ஈடு எட்டணாகூடத் தேறாது. அதோடு நூறு ரூபாய் என்று பொய் மதிப்புக் காட்டிய குற்றம் வேறு. தண்டை என்றால் ரூபாய் கிடைக்கும். அதை வாங்கிக்கொள்ள நான் இருப்பேனா என்பதுதான் சந்தேகம்.

"சீக்கிரம் சொல்லுங்க. நான் இருட்டறதுக்குள்ள மலை எறங்கணும்."

தாயாரை நினைத்துக்கொண்டேன். மாதாவை நினைத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு, என் ஆயுளில் முதல் தடவையாக மார்த்தாளுக்கு எதிரில் சத்தமாகப் பேசினேன்.

"வெள்ளித் தண்டை சார்! ஒரு ஜோடி! என் தங்கச்சி மகளுக்கு! நான்தான் அனுப்பினேன்!"

பாத்திரம் ஏதாவது பறக்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் பறக்கவில்லை. கண்ணைத் திறந்தேன். மார்த்தாள் எழுந்து போய், அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டு எதையோ எடுத்து வந்து பாயில் வைத்தாள்.

என் தாயாரின் தண்டை. ஒரு ஜோடி.

"அப்போ இது இன்னா?" என்றாள்.

இன்ஸ்பெக்டர் முந்திக்கொண்டார். "அப்போ பார்சல்ல இருந்தது?"

"கடுக்காய்தான் சார். நான்தான் முதல்லியே சொன்னனே! இவரு குளிக்கப் போனாரு. நான் தையலைப் பிரிச்சேன். தண்டையை எடுத்துட்டு, அதே எடைக்குக் கடுக்காய் போட்டுத் தச்சேன். ரெண்டு தரம் நிறுக்கற மனுசன் சார், எடை கொறஞ்சா கண்டுபுடிச்சிருவாரு. அரக்கு வெக்கத்தான் கை சுட்டுப்போச்சு."

சுட்ட விரலை இன்ஸ்பெக்டரிடம் காட்டினாள். அவர் அதற்கு வருத்தம் தெரிவித்தார். என்னிடம் தெரிவிக்கவில்லை.

"கடுக்காய் குடுக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன், இன்ஷூர் பண்ணிக் குடுத்ததை இப்பத்தான் பாக்கறேன்" என்று சொல்லி, மனுவை வாபஸ் வாங்கச் சொன்னார். வாங்கினேன். நான் பொய் சொன்னேன், அது உண்மையாகிவிட்டது. உண்மை சொன்னேன், அது பொய்யாகிவிட்டது. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை நேராகவில்லை.

அவர் போனதும் கேட்டேன். "எல்லாம் தெரிஞ்சும், இத்தனை நாளும் ஏன் சொல்லலை?"

"நீங்க சொன்னீங்களா?"

"சொல்லியிருந்தா குடுத்திருப்பியா?"

"மாட்டேன். ஆனா கேக்கணும் இல்ல? தாய்மாமன் சீரைத் தபால்ல அனுப்பற ஆளை இந்த மலையில நான் பாத்ததில்ல. சீருன்னா தட்டுல வெச்சு, நாலு பேரு பாக்க எடுத்துனு போவணும். அதைச் செய்ய எனக்குத் தெரியும். நீங்க கொடத்தைத் தூக்கினு பின்னால வாங்க."

அப்படியே நடந்தது. கல்யாணத்தன்று மார்த்தாள் தண்டையைத் தட்டில் வைத்து, மேளம் முன்னால் வர, பந்தலுக்குள் நுழைந்தாள். ஜோசபின் ஓடி வந்து, "அண்ணி!" என்று கட்டிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். உப்புக் கணக்கு அந்தக் கண்ணீரில் நேராயிற்று. "மாமின்னா இப்டி இருக்கணும்" என்று பந்தலே பேசியது. நான் குடத்தோடு நின்றேன். அது சின்னதுதான், ஆனாலும் என் முகத்தை மறைக்கப் போதுமானதாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் வந்தார். எந்தெந்த ஊரெல்லாமோ சுற்றிவிட்டு, பார்சல் கண்ணமங்கலம் வந்துவிட்டது. நூறு ரூபாய் இன்ஷூர் என்று அவர் உரக்கச் சொன்னதும் பந்தல் முழுவதும் எட்டிப் பார்த்தது.

"எங்க அண்ணன் உசத்தியா ஒண்ணு அனுப்பறேன்னாரு. இதான் அது!" என்று ஜோசபின் எல்லோருக்கும் எதிரில் அரக்கை உடைத்தாள்.

முதல் தரக் கடுக்காய். இலாகா ஒன்றைக்கூடத் தொலைக்கவில்லை.