நாற்பது சதவீதப் பஞ்சகச்சம்

சதவீதம் தெரியாதவனால் எந்தக் கடையும் கெட்டதில்லை. அதை நேற்றுக் கற்றுக்கொண்டு இன்று உபதேசம் செய்ய வருகிறவனால்தான் கெடும். அந்த வகையில் நான் உத்தமமான மாதிரி.

மலைக்கோட்டைக் கடைவீதியில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. முதலாளி ஜமால் பாய். ஸ்ரீரங்கத்தில் அதற்கு ஒரு கிளை (கிளை என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள், நாலு பேர் உள்ளே வந்தால் ஐந்தாமவர் ரோட்டில்தான் நிற்க வேண்டும்). இரண்டு கடைக்கும் விற்பனை ரிப்போர்ட் போட, மலைக்கோட்டைக் கடையில் என்னைத் தற்காலிகமாகச் சேர்த்திருந்தார். பெயர் சொல்லும்படி ஏதாவது செய்தால் வேலை நிரந்தரம். செய்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

வெறும் எண்ணிக்கையாக இருந்த ரிப்போர்ட்டை, அந்தந்தக் கடையின் மொத்த விற்பனையில் எந்தச் சரக்கு எத்தனை சதவீதம் என்று மாற்றினேன். பஞ்சகச்ச வேட்டி ஸ்ரீரங்கத்தில் நாற்பது, மலைக்கோட்டையில் எட்டு.

“பாய், பஞ்சகச்சம் இங்க ஓடவே இல்லை. எல்லாத்தையும் ஸ்ரீரங்கம் அனுப்பிடுங்க.”

பாய் தாடியைத் தடவினார். “இங்கயும் நிறைய பேர் கேக்குறாங்களே தம்பி?”

“அது உங்களுக்குத் தோணுது பாய். கணக்கு அப்படிச் சொல்லலையே!” (என் வாயை அன்றைக்கே யாராவது தைத்திருக்கலாம்.)

“சரி, இன்ஷா அல்லாஹ் அனுப்பிடுவோம். படிச்ச புள்ள சொல்றீங்க.” லோடு ஆட்டோ வந்தது, சரக்கு போனது.

முகூர்த்த மாதம் பிறந்தது. நெற்றி நிறையத் திருமண் இட்ட ஒரு மாமா குடும்பத்தோடு வந்து, சம்பந்தி வீட்டார் அத்தனை பேருக்கும் பஞ்சகச்சம் கேட்டார். மறுநாள் கல்யாணமாம்.

“இங்க இல்லை மாமா. ஸ்ரீரங்கம் கிளையில குவிஞ்சு கிடக்கு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நாங்களே ஸ்ரீரங்கத்துலேர்ந்துதானே வரோம்! கல்யாண ஜவுளின்னா இங்கேதானேய்யா எடுக்கறது?”

பின்னால் நின்ற இன்னொரு குடும்பமும் தலையாட்டியது. அவர்களும் ஸ்ரீரங்கம்.

ஓடிப்போய் ரிப்போர்ட்டை எடுத்தேன். இரண்டு கடையும் சேர்ந்த மொத்தத்துக்குக் கணக்கை மாற்றிப் பார்த்தேன். விற்ற பஞ்சகச்சத்தில் முக்கால்வாசி, மலைக்கோட்டையில்! சின்னக் கடையின் நாற்பதைவிடப் பெரிய கடையின் எட்டு எவ்வளவோ பெரிது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

வேலை போனாலும் பரவாயில்லை, அந்த மாமா வெறுங்கையோடு போகக் கூடாது. பாயின் மொபெட்டை எடுத்துக்கொண்டு பறந்தேன். திரும்பும்போது முன்னும் பின்னும் வேட்டிக் கட்டு, நடுவில் என் மூக்கு மட்டும். காவேரிப் பாலத்தில் அடித்த காற்றில் ஒரு கட்டு அவிழ்ந்து, ஒரு வேட்டி என் முகத்தைச் சுற்றிக்கொண்டது. இன்னொன்று ஆற்றில் விழுந்தது. நான் நிற்கவில்லை.

பாய் வாங்கித் தந்த பன்னீர் சோடாவோடு மாமா காத்திருந்தார். எல்லோருக்கும் வேட்டி கிடைத்தது. எனக்கு வேலையும் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. “எந்த மொத்தத்துல இத்தனைன்னு எழுதாம இனிமே சதவீதம் போட்டீங்க, அன்னைக்கே வீட்டுக்குக் கிளம்பிடுங்க தம்பி.”

அதோடு விட்டாரா? என் கல்யாண வரவேற்பில் மைக்கைப் பிடித்து முழுக் கதையையும் சொல்லிவிட்டார். என் மனைவி கலா ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளிடம், “வீட்டு வேலையில பாதி நான்தாங்க செய்யறேன்” என்று பீற்றிக்கொண்டேன்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “எந்த மொத்தத்துல பாதிங்க? வீட்டு வேலையிலயா, நீங்க செய்யறேன்னு சொன்ன வேலையிலயா?”