மேட்ரன் அக்கா கலைத்த படுக்கை

டெல்லியை எத்தனையோ பேர் பிடித்தார்கள், ஆண்டார்கள், விட்டுவிட்டுப் போனார்கள். ஆனால் எங்கள் மேட்ரன் அக்காவைப்போல் இந்த ஊரை நடுங்கவைத்தவர் எவரும் கிடையாது. அவருக்கு வாளும் வேண்டாம், பீரங்கியும் வேண்டாம். ஒரு பார்வை போதும்.

டெல்லியின் துவாரகா பகுதியில் எங்கள் குடியிருப்பில் அவருடைய உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து நர்ஸாக வந்து, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மேட்ரனாக ஓய்வுபெற்றவர். அவர்தான் ஓய்வுபெற்றார், மேட்ரன் வேலை ஓயவில்லை. லிஃப்டில் மாட்டினால் நகத்தைக் காட்டச் சொல்வார். காய்கறிக்காரர் அவருக்குப் பயந்து கை கழுவிவிட்டுத்தான் வெண்டைக்காயைத் தொடுவார். எனக்கு டெங்கு வந்தபோது பார்க்க வந்தவர், என்னை இந்தப் பக்கம் உருட்டி, அந்தப் பக்கம் உருட்டி, விரிப்பை இழுத்து, மூலையை மடித்து மெத்தைக்கடியில் செருகிய பிறகுதான், "எப்படிடே இருக்கு?" என்று கேட்டார். சுருக்கம் அவருக்கு ஆகவே ஆகாது. "சுருக்கத்துலதாண்டே படுக்கைப்புண்ணு வரும்" என்பது அவருடைய வேதம்.

இப்பேர்ப்பட்டவரை நவீனக் கலை பார்க்க அழைத்துப்போனது யார் என்கிறீர்களா? எங்கள் மேல்வீட்டுப் பெண் ஷெரின். பழைய டெல்லியின் மாளிகைகளுக்குள் இந்தக் காலத்துக் கலைப்படைப்புகளை வைத்திருந்தார்கள். ஜனங்களைக் கூட்டிப்போய் விளக்குவது அவளுக்கு வேலை, தற்காலிக வேலைதான். அன்றைக்குக் கடைசி மாளிகைக்கு அவளுடைய மேலதிகாரி வருவார், பார்த்துவிட்டு அவளை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு சொல்வார் என்று ஏற்பாடு. அவளுடைய அப்பா வேலையை இழந்து வீட்டில் உட்கார்ந்திருந்த சமயம். பாவம், அந்தப் பெண் காலையிலிருந்தே சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். கூட்டம் சேரவேண்டுமே என்று எங்களையும் கூப்பிட்டிருந்தாள்.

"அங்கிள், ஆன்ட்டி கையைப் பிடிச்சுக்கோங்க ப்ளீஸ். எதையும் தொடக்கூடாது, அச்சா?" என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். பிடித்துக்கொண்டேன்.

முதல் மாளிகையில் கூரையிலிருந்து பழைய சாவிகள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. "பூட்டையெல்லாம் எங்க கொண்டு போட்டான்?" என்றார் அக்கா. அடுத்ததில் சுவர் முழுக்கச் சிவப்புச் சாயம் வழிந்தது. "இது இந்த சிட்டியோட காயம்" என்றாள் ஷெரின், குரல் தழுதழுக்க.

"காயம்னா கட்டுப் போடாம, தொறந்து வச்சா காட்டுதான்? எவன்டே இவன்?"

கூட்டத்தில் பாதி சிரித்துவிட்டது. ஷெரின் முகம் வாடிவிட்டது.

கடைசி மாளிகையின் மாடியறையில் ஓர் இரும்புக்கட்டில் கிடந்தது. அதன்மேல் கசங்கிச் சுருண்ட வெள்ளை விரிப்பு. "ஒருத்தங்க எழுந்து போயிட்டாங்க. அவங்க விட்டுட்டுப்போன சுருக்கம் மட்டும் இருக்கு. அதுதான் ஆர்ட்" என்று சொல்லிவிட்டு, மேலதிகாரியை எதிர்கொள்ள ஷெரின் வாசலுக்கு ஓடினாள். கூட்டம் படமெடுக்கப் பால்கனிக்குப் போயிற்று. எனக்குத் தும்மல் வந்தது. கைக்குட்டை எடுக்க அக்காவின் கையை விட்டேன். அவ்வளவுதான் ஐயா நான் செய்தது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் கட்டிலில் ஒரு சுருக்கம் இல்லை. நான்கு மூலையும் மடித்துச் செருகியாயிற்று.

"ஐயோ அக்கா! என்ன பண்ணிட்டீங்க!"

"என்ன பண்ணிட்டேன்? ஆளுவ வாற நேரத்துல இப்படியா போட்டு வைக்கது?"

மூச்சிரைக்கப் படியேறி வந்த ஷெரின் கட்டிலைப் பார்த்தாள். "போச்சு ஆன்ட்டி. சாரும் ஆர்ட்டிஸ்ட்டும் கீழ வந்துட்டாங்க. என் நௌக்ரி போச்சு, வேலை போச்சு" என்று சுவரோடு சாய்ந்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

மேட்ரன் அக்கா திகைத்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். "அழாத மக்ளே. இப்பம் என்ன, கசக்கணும், அவ்ளோதானே?" என்று விரிப்பில் கைவைத்தார். கை கேட்டால்தானே! வலக்கை கசக்கும், இடக்கை போய் நீவிவிடும். படியில் செருப்புச் சத்தம் நெருங்கியது. "கர்த்தாவே!" என்றவர், கைப்பையோடு கட்டிலில் ஏறிப் படுத்து இப்படியும் அப்படியும் புரண்டார்.

மேலதிகாரியும் அந்தப் படுக்கையைப் படைத்த கலைஞரும் உள்ளே வந்தபோது, கஞ்சி போட்ட சேலையில், நெஞ்சில் கைப்பையோடு, கண்களை இறுக மூடிக் கிடந்தார் மேட்ரன் அக்கா. பால்கனியிலிருந்து வந்த கூட்டம், இதுவும் நிகழ்ச்சி என்று நினைத்து, "வாஹ் வாஹ்!" என்று கைதட்டியது.

"யே கௌன் ஹை?" என்று, யார் இது என இந்தியில் கேட்டார் கலைஞர். அவர் ஒரு நடுவயதுப் பெண்மணி. ஷெரினுக்குப் பொய் சொல்ல வராது. நடந்ததை அப்படியே சொல்லிவிட்டாள். கலைஞர் கட்டிலைச் சுற்றி ஒருமுறை நடந்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். எல்லாரும் தள்ளிநின்று படமெடுத்துவிட்டுப் போகிறார்கள், இந்தப் படுக்கையைப் படுக்கையாகப் பார்த்தவர் இவர் ஒருவர்தான் என்றார். அவர் சிரித்ததும் மேலதிகாரியும் சிரித்தார். "பொய் சொல்லாத இந்தப் பெண்ணை விட்டுவிடாதீர்கள்" என்று கலைஞரே அவரிடம் சொன்னார்.

அக்கா ஒற்றைக் கண்ணைத் திறந்து, "வேலை கெடச்சாச்சா மக்ளே? எழும்பட்டா? மெத்தை சரியில்ல" என்றார்.

மெட்ரோவில் துவாரகா வரைக்கும் கசங்கிய சேலையை நீவிக்கொண்டே வந்தார். இறங்கும்போதுதான், "டேய், அந்தச் சுருக்கத்தை அப்படியே போட்டுட்டு வந்துட்டேன்டே. அந்தப் பிள்ளைக்கு வேண்டித்தான்" என்றார். ஏதோ நோயாளியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர்போல் இருந்தது அந்தப் பேச்சு.

போன வருடம் மகன் வந்து அவரை ஊருக்குக் கூட்டிப்போய்விட்டான். ஷெரின் இன்றும் அதே வேலையில் இருக்கிறாள். நான் தினமும் காலையில் விரிப்பை மடித்துச் செருகுகிறேன், ஒரு மூலையை மட்டும் கசங்கலாகவே விட்டுவைக்கிறேன். லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம், திட்டுவதற்காகவாவது வந்துவிடமாட்டாரா என்று இருக்கிறது.