கரடி சொன்ன சாட்சி

ஒரு காட்டில் ஞானசிகாமணி என்ற கழுதை கிறிஸ்தவ சபையொன்றில் உபதேசியாராக ஊழியம் செய்துவந்தது. ஆண்டவரை எருசலேமுக்குச் சுமந்துபோன வம்சம் என்று பெருமை வேறு. ஆனால் சபையில் புதிதாக ஒரு ஆத்துமாகூடச் சேரவில்லை. கிறிஸ்துமஸுக்குள் ஒருவரையாவது சேர்க்காவிட்டால் பொட்டல் காட்டுக்கு மாற்றல் என்று போதகர் யானை சொல்லிவிட்டார்.

இந்தக் காலத்தில் யார் வீடு வீடாக நடப்பது? கழுதை மரத்துக்கு மரம் ஒலிபெருக்கி கட்டியது. செல்போனில் நேரலையும் விட்டது. 'ஆமென்' குவிந்தது உண்மைதான். போட்டதெல்லாம் ஏற்கெனவே ஞானஸ்நானம் வாங்கிய ஆடுகள்.

ஒரு ஒலிபெருக்கி முத்துக்கருப்பன் என்ற கரடியின் குகை வாசலில் அலறிக்கொண்டிருந்தது. கரடி சபைக்காரன் இல்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில் வந்து நின்றது. அந்தச் சபையில் நடுவில் யார் வந்து நின்றாலும், ஆண்டவர் தன்னை மாற்றிய கதையைச் சாட்சியாகச் சொல்லத்தான் என்பது வழக்கம். கழுதை ஓடிப்போய் மைக்கை நீட்டியது.

"எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல," என்றது கரடி.

"ஸ்தோத்திரம்," என்றன ஆடுகள்.

"நிம்மதி போச்சு. நான் இப்ப என்னதான் செய்யணும்?"

ஆடுகள் தேம்பித் தேம்பி அழுதன. யானை தும்பிக்கையைத் தூக்கி ஜெபித்தார். கழுதைக்கு மட்டும் விஷயம் புரிந்தது. மனசு உறுத்தினாலும், பொட்டல் காட்டை நினைத்து வாயை மூடிக்கொண்டது.

வெளியே வந்ததும், அந்த ஒலிபெருக்கிச் சனியனை யார் நிறுத்துவார்கள் என்று கரடி கேட்டது.

"கமிட்டி தீர்மானம் போடணும் அண்ணாச்சி. கமிட்டில நிக்கணும்னா ஞானஸ்நானம் எடுத்திருக்கணும்."

கரடி ஆற்றில் முங்கி எழுந்தது. கழுதையின் மாற்றல் ரத்தானது. சபைத் தேர்தலில் கரடியை எதிர்த்து நிற்க எந்த ஆட்டுக்கும் துணிச்சல் இல்லை. ஒலிபெருக்கியைக் கழற்றும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஆடுகளுக்கும் இத்தனை நாள் தூக்கம் இல்லையாம்.

நன்றாகத் தூங்கி எழுந்த கரடி, கழுதையைக் குகைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தது.

"சேர்ந்தது சேர்ந்தாச்சு உபதேசியாரே. அந்த இரைச்சல்ல ஒண்ணும் வெளங்கல. உங்க ஆண்டவர் அப்படி என்னதான் சொன்னாரு? மெதுவா சொல்லும், கேக்கேன்."

கழுதை வாயைத் திறந்தது. மைக் இல்லாமல் அதற்குப் பேச்சே வரவில்லை.

நீதி: நற்செய்தியை ஊரெல்லாம் பரப்பலாம், ஆபத்தில்லை, அது என்ன செய்தி என்று ஒருத்தர் உட்கார்ந்து கேட்காதவரை.