அன்னபோஸ்ட் ராஜாங்கம்

"மாமா, பாவாடை நிக்கலாமா வேணாமான்னு யோசிக்கிறானாம்."

கொளஞ்சியப்பன் இதைச் சொன்னபோது ராஜாங்கம் இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது. சட்னி நிற்கவில்லை.

"எதுல நிக்கிறான்?"

"நம்ம சங்கத் தேர்தல்லதான் மாமா. உங்களுக்கு எதிரா."

கொளஞ்சியப்பன் ராஜாங்கத்தின் மனைவி பானுமதிக்குத் தம்பி. நல்ல சேதியை நாலு நாள் கழித்தும், கெட்ட சேதியைச் சூடு ஆறாமலும் கொண்டுவந்து சேர்ப்பவன்.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில், தனிச் சூளை வைத்துக்கொள்ள முடியாத சின்ன யூனிட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே பொதுச் சூளையில்தான் சரக்கைச் சுட்டெடுக்கிறார்கள். யாருடைய டிராலி எப்போது சூளைக்குள் போக வேண்டும் என்று சொல்கிறவர் சங்கத் தலைவர். அந்த நாற்காலியில் முதலில் ராஜாங்கத்தின் அப்பா இருந்தார். அவருக்குப் பிறகு ராஜாங்கம். இருவருமே ஒரு தேர்தலையும் பார்த்தவர்கள் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மனு வரும். போட்டியின்றித் தேர்வு என்று அறிவித்துவிட்டு எல்லாரும் மிக்சர் சாப்பிட்டுக் கலைவார்கள். ஊர்ப் பேச்சில் இதற்கு 'அன்னபோஸ்ட்' என்று பெயர். ஜங்ஷனில் இறங்கி 'அன்னபோஸ்ட் வூடு' என்று சொன்னால் போதும், ஆட்டோ வாசலில் வந்து நிற்கும்.

"எங்கப்பா ஒருத்தர் வாசல்ல போயி ஓட்டுன்னு நின்னதில்ல. நானும் நின்னதில்ல" என்றார் ராஜாங்கம்.

"பாவாடைய கூப்புட்டு ஒரு காப்பி குடுத்துப் பேசுங்க. பொம்மை செய்யற ஆளு, சாதுவான மனுஷன். சொன்னா கேட்டுக்குவாரு" என்றாள் பானுமதி.

அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். கொளஞ்சியப்பன் விடவில்லை.

"என்னாக்கா பேசற? மெட்ராஸ்ல எவ்ளோ பெரிய தலைவருங்களுக்கெல்லாம் ரோசனை சொல்ற புள்ளைய பெத்து வெச்சிருக்கீங்க. அவன வுட்டுட்டு காப்பிய நம்பறியே!"

ராஜாங்கத்தின் முதுகு தானாக நிமிர்ந்தது.

மகன் தமிழ்செல்வன் தேர்தல் வியூக வகுப்பாளர். தேர்தல் வந்தால் கட்சிகளுக்கு வியூகம் வகுப்பான். தேர்தல் இல்லாத காலத்தில் ஒரு நாளிதழில் ஞாயிறுதோறும் பத்தி எழுதுவான். "பையன் எந்தக் கட்சிங்க?" என்று யாராவது கேட்டால் ராஜாங்கத்துக்குப் பொறுக்காது. "டாக்டரப் பாத்து, நீ எந்த நோயாளி கட்சின்னு கேப்பியாய்யா?" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நாளிதழில் இரண்டு பிரதி வாங்குவார். ஒன்று வீட்டுக்கு. மற்றது கடைத்தெரு சலூனுக்கு.

ஃபோன் போட்டதும் தமிழ்செல்வன் அடுத்த ரயிலிலேயே வந்து இறங்கினான்.

"அம்மா சொல்ற மாதிரி பாவாடைய கூப்புட்டுப் பேசிடவா?" என்று கேட்டார் ராஜாங்கம்.

"அவசரப்படாதீங்கப்பா. முதல்ல களம் எப்படி இருக்குன்னு தெரியணும். ஒரு சர்வே எடுத்துரலாம்."

"இருக்கறதே கையளவு ஆளு. எல்லாரையும் எனக்குத் தெரியும். அதுல சர்வே என்னாத்துக்கு?"

"தெரிஞ்சவங்க மூஞ்சிக்கு நேரா உண்மைய சொல்ல மாட்டாங்கப்பா. மெஷின்கிட்டதான் சொல்லுவாங்க."

மறுநாள் காலை தொழிற்பேட்டை முழுக்க ஃபோன்கள் மணியடித்தன. எடுத்தவர் காதில் பதிவு செய்த ஒரு பெண் குரல் பேசியது. "வணக்கம். உங்கள் சங்கத் தலைவராகத் திரு. ராஜாங்கம் தொடர வேண்டுமா? ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும். இல்லை என்றால் இரண்டை அழுத்தவும்."

ராஜாங்கமும் உறுப்பினர்தானே, அவருக்கும் வந்தது. தன் பெயருக்குத் தானே ஒன்றை அழுத்துவது மானமுள்ளவன் செய்யும் காரியமா? அவர் எதையும் அழுத்தவில்லை. குரல் மறுபடியும் கேட்டது.

"அம்மா, நான்தாம்மா ராஜாங்கம் பேசறேன்" என்றார் மரியாதையாக.

"உங்கள் பதில் தவறானது" என்றது குரல்.

சமையலறையிலிருந்து பானுமதி வந்தாள். யூனிட்டில் அவள் பெயரும் இருப்பதால் அவளும் உறுப்பினர்.

"நீ எத அழுத்துன?"

"ரெண்டு."

"ரெண்டா?"

"ஒன்னு அழுத்துனா தெனமும் கூப்புடுவாங்களாம், ரெண்டு அழுத்துனா வுட்டுருவாங்களாம். பக்கத்து வூட்டு துர்கா சொன்னா. லோன் வேணுமான்னு கேக்கறவங்களுக்கெல்லாம் நாங்க ரெண்டுதான் அழுத்தறது."

தொழிற்பேட்டையில் துர்காவின் யோசனை தெரியாதவர்கள் யாரும் இல்லை போலிருக்கிறது. மாலையில் மடிக்கணினியைப் பார்த்த தமிழ்செல்வனின் முகம் இறுகியது.

"எதிர்ப்பு அலை இருக்குதுப்பா."

"அவங்கல்லாம் லோனுன்னு நெனச்சு அழுத்திட்டாங்கடா!"

"எல்லா வேட்பாளரும் இப்படித்தான் சமாதானம் சொல்லுவாங்க."

இதைவிடப் பெரிய சேதம் வெளியே நடந்திருந்தது. பொதுச் சூளைக்கு எதிரே பாஞ்சாலையின் டீக்கடையில் அன்று வேறு பேச்சே இல்லை.

"ராஜாங்கம் தொடரணுமா வேணாமான்னு கேக்கறாங்கய்யா."

"அப்புடி ஒரு கேள்வி இருக்குதுன்னே இத்தினி நாளா நமக்குத் தெரியாம போச்சே!"

"தெரிஞ்சிருந்தா என்னா பண்ணியிருப்ப?" என்று டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள் பாஞ்சாலை.

"அதத்தான் இப்ப யோசிக்கிறேன்."

மறுநாள் பாவாடை மனுப் போட்டான்.

"நல்லதாப் போச்சு" என்றான் தமிழ்செல்வன். ராஜாங்கத்துக்கு இதில் என்ன நல்லது என்று விளங்கவில்லை. "எதிர்ப்பு ஓட்டு மொத்தமும் ஒரே ஆளுக்குப் போனாத்தான் ஆபத்து. அத ரெண்டா பிரிச்சுட்டா நாம ஜெயிச்சிடலாம். உங்கள எதிர்க்கிற மாதிரி நம்ம ஆளு ஒருத்தர நிறுத்துவோம். கொளஞ்சியப்பன் மாமா, நீங்களும் மெம்பர்தானே, நீங்க நில்லுங்க."

"ஐயோ, நானா? மாமாவ எதிர்த்தா? ஊரு என்னா பேசும்?" என்று கொளஞ்சியப்பன் நெஞ்சில் கைவைத்தான். கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"நடிப்புதான் மாமா."

அந்தத் தண்ணீர் அன்று சாயங்காலம் வரைதான் இருந்தது. இரவோடு இரவாக ஒரு ஃப்ளெக்ஸ் முளைத்தது. அதில் கூலிங்கிளாஸ் போட்ட கொளஞ்சியப்பன் கைகூப்பி நின்றான். கீழே மூலையில், தபால்தலை அளவில், 'வழிகாட்டி' என்று ராஜாங்கத்தின் படம். மறுநாள் டீக்கடையில் அவன் முழங்கிக்கொண்டிருந்தான்.

"நான் வந்தா டிராலியெல்லாம் முறை வெச்சுத்தான் உள்ள போவும். வேண்டியவன், வேண்டாதவன்னு பேச்சே கெடையாது!"

ராஜாங்கம் வீட்டுக்கு அழைத்துக் கேட்டார். "ஏன் மாப்ள, அப்ப நான் வேண்டியவன், வேண்டாதவன் பாத்தா உட்டுக்கிட்டு இருந்தேன்?"

"நடிப்பு மாமா. நம்பற மாதிரி நடிக்க வேணாமா?" என்றவன் நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமலே பேசினான். முன்பெல்லாம் ராஜாங்கம் வந்தால் எழுந்து நிற்பவன்.

பானுமதியின் சொந்தக்காரர்கள் எல்லாரும் கொளஞ்சியப்பன் பின்னால் போனார்கள். அவர்கள் அதுவரை ராஜாங்கத்தின் ஆட்கள்.

"தமிழு, ஓட்டு பிரியுதுடா."

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல!"

"பிரியறது என் ஓட்டுடா."

தமிழ்செல்வன் மடிக்கணினியை மூடினான். "இது எதிர்பாராத திருப்பந்தான்" என்று ஒப்புக்கொண்டான். "பரவாயில்ல. ஞாயித்துக்கிழமை பத்தி வருது. பெரிய பேப்பர்ல எழுதறவன் உங்க புள்ளைன்னு ஊருக்கு ஒரு தடவை ஞாபகம் வந்தாலே போதும்."

ஞாயிறு காலை ராஜாங்கம் வழக்கம்போல இரண்டு பிரதி வாங்கினார். மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்ததால் நேரே சலூனுக்குப் போய், முகச்சவரத்துக்கு உட்கார்ந்து, காத்திருந்த ஒருவரிடம் பத்திரிகையை நீட்டினார்.

"தம்பி எழுதியிருக்கான். சத்தமா படிங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்."

சலூன்காரர் அவர் முகமெல்லாம் நுரை பூசி, கத்தியைத் தொண்டையில் வைத்தார். பத்திரிகை வாங்கியவர் படிக்கத் தொடங்கினார்.

"போட்டியின்றிப் பதவிக்கு வருகிறவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர், மக்களைக் கண்டு அஞ்சுகிறவர்..."

ராஜாங்கம் அசைந்தார். "ஆடாதீங்கய்யா, கத்தி" என்றார் சலூன்காரர்.

"...அப்பனுக்குப் பின் மகன் என்று ஒரே நாற்காலியில் ஒட்டிக்கொள்வதை ஜனநாயகம் என்று சொல்வது வெட்கக்கேடு..."

ராஜாங்கத்தின் கண்கள் மட்டும் கண்ணாடியில் உருண்டன. வாயைத் திறந்தால் நுரை. தலையைத் திருப்பினால் கத்தி. கடைசி வரி வரை கேட்டு முடிக்க வேண்டியதாயிற்று. படித்தவர் பத்திரிகையை மடித்துக்கொண்டு, "புள்ளன்னா இப்புடி இருக்கணும். நியாயம்னா அப்பனா இருந்தாலும் வுட மாட்டேங்கறாரு பாருங்க" என்றார் நிறைந்த மனதோடு.

"அது வட மாநிலத்து விவகாரம்பா!" என்று வீட்டில் தமிழ்செல்வன் பதறினான். "போன வாரமே அனுப்பி வெச்சது. அங்க ஒரு கட்சியில நடந்தது."

"வட மாநிலத்துக்காரனா நம்ம சலூன்ல சவரம் பண்ணிக்கிறான்?"

சாயங்காலத்துக்குள் அந்தப் பத்தி பெரிதாக்கப்பட்டுப் பொதுச் சூளையின் வாசலில் ஒட்டப்பட்டிருந்தது. மேலே சிவப்பு மையில் ஒரே வரி: 'மகனே சொல்லிவிட்டார்!'

இனி ஒரே வழிதான் என்றான் தமிழ்செல்வன். நேரில் போய் வீடு வீடாக வாக்குக் கேட்பது.

ராஜாங்கம் அன்று இரண்டு முறை குளித்தார். வெள்ளை வேட்டி சட்டையோடு புறப்பட்டார். முதல் வீட்டில் வேல்விழி என்ற அம்மாள், குவளை செய்யும் யூனிட் நடத்துகிறவர், "வாங்க, வாங்க" என்று வரவேற்றுக் காப்பி கொடுத்தார். ராஜாங்கம் காப்பியைக் குடித்தார். களிமண் லாரி வந்ததா என்று விசாரித்தார். பேத்தியின் படிப்பைக் கேட்டார். கைகளைக் கூப்ப நினைத்தார். அவை மடியைவிட்டு எழவில்லை. "போயிட்டு வரேம்மா" என்று எழுந்துவிட்டார்.

எல்லா வீட்டிலும் காப்பி. எல்லா வீட்டிலும் களிமண் லாரி.

"கேட்டீங்களாப்பா?" என்றான் மகன்.

"எதுக்கு வந்தேன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"சொன்னாத்தானே தெரியும்?"

"சொல்லித்தான் தெரியணும்னா அந்த ஓட்டு எனக்கு வேணாம்" என்றார் ராஜாங்கம். வயிறு முழுக்கக் காப்பியோடு படுக்கப் போனார்.

வாக்குப்பதிவு அமைதியாக நடந்தது. பாவாடை வென்றான். இரண்டாவதாகக் கொளஞ்சியப்பன். மூன்று பேர் நின்ற தேர்தலில் ராஜாங்கம் எத்தனையாவது என்று அறிவிப்பவர் சொல்லவில்லை. அந்த மரியாதையாவது மிச்சமிருந்தது.

ராஜாங்கம் வீட்டுக்கு ஓடவில்லை. கடைத்தெருவில் மாலை வாங்கி வந்து, சூளை வாசலில் எல்லாரும் பார்க்கப் பாவாடையின் கழுத்தில் போட்டார். பாவாடை சட்டென்று காலில் விழப் போனான்.

"நிமிருய்யா. தலைவன் கால்ல விழக்கூடாது."

"உங்க டிராலி எப்பவும் மொதல்ல போவும்ணே" என்றான் பாவாடை.

"முறை வந்தா போவட்டும்" என்றார் ராஜாங்கம். அவர் முதுகு வளையவில்லை. ஆனாலும் உள்ளே எங்கேயோ ஒரு பீங்கான் விரிசல் விட்டது போலிருந்தது. ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தமிழ்செல்வன், தோல்விக்கான காரணங்களை அதற்குள் தட்டச்சு செய்யத் தொடங்கியிருந்தான்.

அந்த நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. பக்கத்துத் தொகுதி எம்.எல்.ஏ. திருமால் இறங்கினார். பாவாடைக்குத் தூரத்து உறவு; வாழ்த்த வந்திருந்தார். ராஜாங்கம் ஒதுங்கிக்கொள்ள இடம் தேடினார். கடந்த இரண்டு தேர்தல்களிலும் தமிழ்செல்வன் வியூகம் வகுத்தது இந்தத் திருமாலைத் தோற்கடிக்கத்தான். இரண்டிலும் திருமால்தான் வென்றார்.

திருமாலின் கண்ணில் தமிழ்செல்வன் பட்டான். "அட, தம்பி!" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனார். கட்டித் தழுவினார். பாவாடைக்கென்று கொண்டுவந்த பொன்னாடையைப் பிரித்துத் தமிழ்செல்வன் தோளில் போர்த்தினார். கூட்டம் கைதட்டியது. "தம்பிய மாதிரி ஆளு நம்ம மாவட்டத்துக்கே பெருமை" என்று உரக்கச் சொன்னார். "அடுத்த தேர்தல்லயும் களத்துல இருக்கணும் தம்பி. கண்டிப்பா இருக்கணும்."

ராஜாங்கத்தின் நெஞ்சு நிறைந்துவிட்டது. நாற்காலி போனால் போகட்டும். எதிராளியே எழுந்து வந்து மரியாதை செய்கிற பிள்ளை இருக்கிறான். இதைவிட ஒரு குடும்பத்துக்கு என்ன வேண்டும்? அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. காரில் சாய்ந்து நின்று டீ குடித்துக்கொண்டிருந்த திருமாலின் டிரைவரிடம் போனார்.

"பாத்தியாப்பா உங்க ஐயாவோட பெருந்தன்மைய! தனக்கு எதிரா ரெண்டு தடவ வேலை செஞ்சவன் மேல இவ்ளோ பிரியமா?"

"பிரியம் இல்லாம இருக்குமாங்க?" என்றார் டிரைவர், டீயை ஊதிக்கொண்டே. "ரெண்டு தடவையும் எதிர்த்து நின்னவங்ககிட்ட ஆள வுட்டு, தம்பிய ரோசனைக்கு வெச்சுக்கச் சொன்னதே எங்க ஐயாதான். இந்தப் பாவாடை வந்து நிக்கலாமா வேணாமான்னு கேட்டப்பகூட, 'தலைவரு புள்ள ரயிலேறி வர்றாரான்னு பாரு, வந்தா தைரியமா நில்லு'ன்னுதான் சொன்னாரு."