தையல் மெஷின் இழுப்பறை

சட்டைப் பட்டன் அறுந்துவிட்டது. ஆபீஸுக்கு நேரமாகியிருந்தது. மனைவி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா குளியலறையில். நூல் தேடி அம்மாவின் தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்தான்.

நூல் இல்லை. எலாஸ்டிக் நாடாவால் கட்டிய கடிதங்கள் இருந்தன.

முதல் கடிதம் 'என் உயிரே' என்று தொடங்கியது. 'நேற்று நீ திரும்பிப் பார்க்காமல் போனாய். எனக்குத் தொண்டையில் தண்ணீர்கூட இறங்கவில்லை' என்று போய், 'உன் பைத்தியம்' என்று முடிந்தது. பெயர் இல்லை.

அப்பாவின் எழுத்து கோழி கிளறியது போலிருக்கும். இது முத்து முத்தாக இருந்தது.

அம்மாவுக்கு எவனோ எழுதியிருக்கிறான்.

"அங்க என்னடா உருட்டற?" கூடத்திலிருந்து அப்பா. நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம். அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நூல் தேடறேம்பா."

கடிதக் கட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தான். பட்டன் இல்லாத இடத்தில் ஒரு கடிதம் எட்டிப் பார்த்தது.

"அது என்ன?"

"ஆபீஸ் பேப்பர்."

"அதை ஏன் வயித்துல வெச்சிருக்க?"

"ரகசியம்பா."

"உன்னை நம்பி எவன்டா ரகசியத்தைக் குடுத்தான்?"

சமையலறைக்குள் ஓடி அடுப்பைப் பற்றவைத்தான். கட்டின் ஓரத்தைத் தீயில் காட்டினான். பழைய காகிதம் எரியவில்லை, புகைந்தது. வீடு முழுக்கப் புகைந்தது.

"என்னங்க கருகுது?" மனைவி படியிறங்கி வந்து கட்டைப் பிடுங்கித் தண்ணீரில் முக்கினாள். பிறகு படித்தாள். அவள் முகம் மாறுவதை அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"யாருக்கு வந்தது இது?"

கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. அப்பா எழுந்துவிட்டார்.

"எனக்கு" என்றான்.

"யாரு எழுதினா?"

"கூடப் படிச்சவ."

"இத்தனை வருஷமா பத்திரமா வெச்சிருக்கீங்க! இப்ப எங்க இருக்கா? சொல்லுங்க, நானே போய்ப் பாக்கறேன்."

"பாக்க முடியாது. செத்துட்டா."

"எப்படி?"

"லாரி மோதி."

அவள் அழத் தொடங்கினாள். கோபமா இரக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. "அவ நெனப்புலயேதான் என்கூடக் குடும்பம் நடத்தினீங்களா?"

அப்பா உள்ளே வந்து கையை நீட்டினார். மருமகள் நனைந்த கடிதத்தைக் கொடுத்தாள். அவன் தடுப்பதற்குள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். படித்தார். தோள் குலுங்கியது. கை நெஞ்சுக்குப் போனது.

"அப்பா! உக்காருங்க. மாத்திரை எங்க?"

"யாருடா செத்தது?" வாசலில் அம்மா, ஈரத் தலையில் துண்டோடு.

"இந்த லெட்டரை எழுதினவ, அத்தை" என்றாள் மனைவி மூக்கை உறிஞ்சியபடி. "லாரி மோதிட்டுதாம்."

அம்மா, அப்பாவின் கையிலிருந்து கடிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

"என் மேல எப்படா லாரி மோதுச்சு?"