சவுக்குக்குப் பெயர் வந்த வரலாறு

ஆம்பூர்,
6 ஆகஸ்டு 1934

சிரஞ்சீவி தம்பி பெருமாளுக்கு அண்ணன் சுந்தரமூர்த்தி ஆசீர்வதித்து எழுதும் இரண்டாவது கடிதம். இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடம் நீங்கள் க்ஷேமமாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை.

பாகப்பிரிவினையில் தாத்தாவின் தகரப் பெட்டியை நீ அரக்கோணத்துக்குத் தூக்கிப் போனதை நான் மறந்துவிட்டதாகப் பத்து வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அதன் அடியில் முத்திரை போட்ட காகிதம் ஒன்றை அப்பா யாரையும் தொடவிடமாட்டாரே, அதைப் போன கடிதத்திலேயே கேட்டேன், இன்னும் வரவில்லை; உடனே வேண்டும். கடைத்தெருவில் நாலு ரோடும் முட்டி, தோல் வண்டியும் ஜட்காவும் ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும் இடத்தைச் சவுக்கு என்கிறார்களே, அது ஏன் என்று ஆராய ஒரு கமிட்டி கூடிற்று. மண்டிக்காரர் துரைசாமி, முன்பு அங்கே சவுக்கு மரம் இருந்தது என்றார். எங்கே என்றேன். வெட்டியாகிவிட்டதாம். நான் தலைமையாசிரியர் ஆவதைக் கெடுத்த மனிதரின் சரித்திர ஞானம் அவ்வளவுதான். நான் எழுந்து, நம் தாத்தா குப்பண்ணர் தோல் சந்தைக்கு மணியமாக இருந்ததையும், எடை கூட்டத் தோலில் மண் பூசிய திருடர்களை அங்கே நிறுத்திச் சவுக்கால் விளாசியதையும், பெயர் அப்படி வந்ததையும் முக்கால் மணி நேரம் விளக்கினேன். தரகர் அப்துல் சமத் கொட்டாவி விட்டு, "வாத்தியாரே, சவுக்னா எங்க பாஷைல நாலு ரோடு கூடுற எடம். இதுக்கு இன்னாத்துக்கு சாட்டை?" என்றார். வாசலில் கீரை விற்கும் முனியம்மா கூடையை இறக்காமலே, "ஒங்க தாத்தா அடிச்சாரா, வாங்கினாரா, அதச் சொல்லு சாமி" என்றாள். கமிட்டி சிரித்து ஓய்ந்த பிறகு, வெள்ளிக்கிழமைக்குள் எழுத்து மூலம் அத்தாட்சி காட்டச் சொல்லித் தீர்மானம் போட்டது. அத்தாட்சி எப்படியும் வருமென்று இன்று காலை நானே ஆள் வைத்துக் கல் நட்டுவிட்டேன்: "குப்பண்ணரின் சவுக்கடி இவ்விடத்தில் முழங்கியது." இருபது வருஷம் சரித்திரம் நடத்தியவன் பேச்சை ஒரு கல்லாவது கேட்கட்டும்.

உன் மனைவி சம்பூர்ணத்துக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம், பெட்டி பத்திரமாக இருக்கும்வரை.

இப்படிக்கு,
சுந்தரமூர்த்தி

பி.கு.: இதை ஒட்டுமுன், என் முதல் கடிதத்துக்குப் பதிலாக அந்தக் காகிதத்தோடு உன் கவர் வந்தது. குப்பண்ணர் அதில் வெறும் குப்பன். தோலில் மண் பூசி விற்றதற்காக நாற்சந்தியில் நிறுத்திப் பன்னிரண்டு சவுக்கடி. இனிச் செய்யமாட்டான் என்று ஜாமீன் நின்றவர் அப்துல் சமதின் பாட்டனார். சவுக் என்றால் நாலு ரோடு கூடுமிடம் என்று வெள்ளிக்கிழமை நானே எழுந்து சொல்லப்போகிறேன். ஆனால் கல்லைப் பிடுங்க ஒரு காரணமும் அகப்படவில்லை. முனியம்மா காலையிலிருந்து வருவோர் போவோரையெல்லாம் நிறுத்தி அதை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாள். அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை, தம்பி.