வராத தேர்தலுக்கு நின்றவர்

தேர்தலில் நின்று தோற்றவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜெயித்துவிட்டுக் காணாமல் போனவர்களை இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும். தேர்தலே இல்லாமல் வருடக்கணக்கில் நின்றுகொண்டே இருக்கிற மனிதரை இந்தியாவிலேயே எங்கள் தெருக்காரர்கள் மட்டும்தான் பார்த்திருக்கிறோம். பெங்களூரில் காக்ஸ் டவுனிலிருந்து ஜீவனஹள்ளிக்குப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் தெரு. அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் கீரைக்காரம்மாவிலிருந்து சர்ச் ஃபாதர்வரை எல்லோருக்கும் அவர் 'கேண்டிடேட்'தான்.

பெங்களூரு கார்ப்பரேஷன் கவுன்சிலின் காலம் முடிந்து, இதோ தேர்தல், அதோ தேர்தல் என்று பேப்பரில் போட ஆரம்பித்த சமயம் அது. ஒரு கம்பெனி கேண்டீனில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டையரான இவர், ஒரு காலையில் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட்டோடு எங்கள் கேட்டில் நின்று கும்பிட்டார். பெரிய கட்சி இரண்டும் வேண்டாம் என்று, பெயரில் மட்டும் அகில பாரதம் இருந்த ஒரு மூன்றாவது கட்சியைப் பிடித்திருந்தார். எங்கள் வார்டில் அந்த அகில பாரதம் முழுவதும் அவர் ஒருவர்தான்.

பெரிய கட்சிக்காரர்களும் வந்தார்கள். தெருவை மறைக்கிற அளவுக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். தேர்தல் தள்ளிப்போனதும் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள், ஃப்ளெக்ஸ் இளநீர் வண்டிக்குக் கூரையாகப் போனது. கேண்டிடேட் மட்டும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஒரு ரவுண்டு, வார நடுவில் ஒரு ரவுண்டு. எந்த வீட்டில் என்ன சாமி என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலையே கிடையாது. எல்லா வாசலிலும் "வணக்கம், நமஸ்கார, சலாம், ஸ்தோத்திரம்" என்று ஒரே மூச்சில் நான்கையும் சொல்லிவிடுவார்.

"என்ன சின்னம்ணா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது நாமினேஷன் போட்டப்புறம்தாம்மா குடுப்பாங்க."

அதனால் அவர் கொடுத்த நோட்டீஸில் சின்னத்துக்கு ஒரு காலிக் கட்டம் இருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை அதில் ஐஸ்கிரீம் வரைந்து அவரிடமே காட்டியது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "கேட்டுப் பாக்கலாம், கெடச்சாலும் கெடைக்கும்," என்றார்.

என் வீட்டுக்காரர் அந்த வெள்ளைச் சட்டை தெருமுனையில் தெரிந்தாலே பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். கேண்டிடேட்டுக்குக் கோபமே வராது. "பாவம், சாருக்கு வயிறு சரியில்ல போல," என்று சொல்லிவிட்டு, அடுத்த தடவை ஓமத்தோடு வந்தார். ஓட்டுப் போடுவீர்களா என்று அவர் கேட்டால் நான் "பாக்கலாம்ணா" என்பேன். தெருவே அதைத்தான் சொன்னது.

கார்ப்பரேட்டர், அதாவது வார்டு கவுன்சிலர், என்று ஊரில் யாருமே இல்லாததால், தெருவிளக்கு அணைந்தாலும் குப்பை வண்டி வராவிட்டாலும் கூச்சமே இல்லாமல் இவரிடம்தான் சொன்னோம். ஓட்டு மட்டும் பாக்கலாம். இவர் வார்டு ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன். இன்ஜினீயர் கன்னடத்தில், நீங்கள் யார், கார்ப்பரேட்டரா என்று கேட்டார்.

"இன்னும் இல்ல சார்," என்று இவரும் கன்னடத்திலேயே சொன்னார். "ஆனா நாளைக்கு ஆயிட்டேன்னா, என்னை எவ்ளோ நேரம் உக்கார வெச்சீங்கன்னு ஞாபகம் இருக்கும்."

இன்ஜினீயர் அவரை மேலும் கீழும் பார்த்தார். எந்தப் புற்றில் எந்தப் பாம்பு இருக்குமோ, யாருக்குத் தெரியும். மறுநாளே விளக்கு எரிந்தது.

அப்புறம் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். ஆடிப்போன கேண்டிடேட், தன் மனைவி ஸ்டெல்லா டீச்சரிடம் போய்க் கும்பிட்டபடி நின்றாராம். டீச்சரே எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

"நிக்கிறேன்னு சொன்னேன். நின்னா ஜெயிப்பேன். ஜெயிச்சா நான்தான் கார்ப்பரேட்டர், நீங்க இல்ல. அப்போ வீட்ல யாரு சமைக்கிறதுன்னு கேட்டேன்."

கட்சி நலனுக்காகக் கேண்டிடேட் சமையலில் இறங்கினார். இத்தனை வருடம் ஒரு கேண்டீனையே மேய்த்தவருக்கு ரசம் வைக்கத் தெரியாது என்ற ராணுவ ரகசியம் அப்போதுதான் வெளியே வந்தது. ரசம் ஒருவழியாக ரசம் மாதிரி வரத் தொடங்கிய நேரத்தில் ஒதுக்கீடு மாறி, வார்டு பொதுவாகிவிட்டது. அவர் மறுபடியும் வேட்பாளரானார். சமையலறையிலிருந்து மட்டும் டீச்சர் அவரை விடுவிக்கவில்லை.

கடைசியில்தான் பெரிய இடி இறங்கியது. ஒரு கார்ப்பரேஷனை ஐந்தாக்கி, வார்டுகளையும் புதிதாகப் பிரித்தார்கள். கோடு எங்கள் தெருவின் நடுவிலேயே ஓடியது. அவர் வீடு இருக்கும் வரிசை ஒரு வார்டு, எதிரே எங்கள் வரிசை வேறு வார்டு. நிற்பவர் இரண்டில் எதில் வேண்டுமானாலும் நிற்கலாம். ஆனால் ஓட்டு, வீடு இருக்கிற வார்டில்தான்.

அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதில் தெருவுக்குச் சந்தேகமே இல்லை. நிச்சயமான ஓட்டு என்று அவருக்கு இருந்ததே இரண்டுதான், அவருடையது ஒன்று, டீச்சருடையது ஒன்று. அதைவிட்டுவிட்டு யாராவது இந்தப் பக்கம் வருவார்களா?

"விட்டது தொல்லை," என்றார் என் வீட்டுக்காரர். எனக்குச் சாக்கடை ஞாபகம் வந்தது. மழை பெய்தால் எங்கள் வரிசையில்தான் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். கேண்டிடேட் போய் உட்கார்ந்து உட்கார்ந்து ஆரம்பிக்க வைத்த வேலை பாதியில் கிடந்தது. இனி யார் போய் உட்காருவார்கள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தெருவைத் தாண்டி எங்கள் கேட்டுக்கு வந்தார். சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"வணக்கம், நமஸ்கார, சலாம், ஸ்தோத்திரம். உங்க வார்டுலதாம்மா நிக்கிறேன்."

"அண்ணா, அப்போ உங்க ஓட்டே உங்களுக்கு இல்லியே?"

"ஆமா. டீச்சர்கூட நல்லா திட்டினாங்க. என்னம்மா பண்றது, உங்க பக்கம் ட்ரெயினேஜ் பாதியில நிக்குது. அத்த உட்டுட்டு அந்தப் பக்கம் போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

பாத்ரூம் பக்கம் போன என் வீட்டுக்காரர் அப்படியே திரும்பி வாசலுக்கு வந்தார்.

"அண்ணா, எங்க வீட்டு ஓட்டு உங்களுக்குத்தான்," என்றார்.

அத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. கும்பிடக்கூட மறந்து அடுத்த வீட்டுக்குப் போனார்.

தேர்தல் இன்னும் வரவில்லை. என்றைக்கு வந்தாலும், எங்களுக்காக அவர் விட்டுவிட்டு வந்த அந்த இரண்டு ஓட்டுக்குப் பதிலாக என் வீட்டுக்காரரும் நானும் முதல் ஆளாகப் போய் வரிசையில் நிற்போம்.